ஆர்15-ஐ ஆபீஸுக்கும் ஊருக்கும் பழக்குவது: எங்கே வலிக்கிறது என்பதிலிருந்து தொடங்குவோம்

தாம்பரத்திலிருந்து ஒரகடம். போக வர ஏறக்குறைய 50 கிலோமீட்டர், வாரத்தில் ஐந்து நாள். மாதத்தில் ஒரு சனிக்கிழமை ஏதாவது ஒரு மலை. இந்த இரண்டுக்கும் நான் வைத்திருப்பது யமஹா ஆர்15 வி3. "ரேஸ் வண்டியில எதுக்குய்யா ஆபீஸ் போற?" என்று கேட்காத ஆளில்லை. பிடித்துத்தான் வாங்கினேன், விற்கும் எண்ணமில்லை. அப்படியென்றால் ஒன்று வண்டி கொஞ்சம் வளைந்து கொடுக்க வேண்டும், இல்லை நான் வளைய வேண்டும். இரண்டும் நடந்தது.

இந்த வண்டியைப் பற்றி முதலில் ஒரு விஷயம். 155 சிசி ஒற்றை சிலிண்டர். 2018ல் வந்த மாடலில் 19.3 பிஎஸ் சக்தி கிடைப்பது 10,000 ஆர்பிஎம்மில். சீட் உயரம் 815 மில்லிமீட்டர், டேங்க் 11 லிட்டர், ஹேண்டில் கிளிப் ஆன், அதாவது முன் ஃபோர்க்கிலேயே தாழ்வாகப் பிடித்த இரண்டு தனித்தனிப் பிடி. இதில் எதுவும் குறையில்லை. வளைவுகளில் குனிந்து விரட்டுவதற்கு என்றே போட்ட கணக்கு. பெருங்களத்தூர் சிக்னலில் நாற்பது நிமிடம் நிற்பதற்குப் போட்ட கணக்கு அல்ல, அவ்வளவுதான்.

நிறைய பேர் வாங்கிய மறுவாரமே ரைசர் (ஹேண்டிலை உயர்த்தும் துண்டு), உயரமான வைசர் (வண்டியின் முன்கண்ணாடி), சேடில் பேக் (இரு பக்கமும் தொங்கும் பை), ஃபாக் லைட் என்று ஒரே நாளில் எல்லாவற்றையும் மாட்டிவிடுகிறார்கள். பிறகு ஏதாவது ஆடினாலோ சத்தம் வந்தாலோ எது காரணம் என்று கண்டுபிடிக்கவே முடிவதில்லை. அதனால் கீழே இருப்பதை அறிகுறி வாரியாகப் படியுங்கள். உங்களுக்கு என்ன தொந்தரவோ அதை மட்டும் பாருங்கள். காசு செலவில்லாததை முதலில் செய்யுங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, ஒரு வாரம் ஓட்டிப் பார்த்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள்.

உள்ளங்கை மரத்துப்போகிறது, மணிக்கட்டு வலிக்கிறது

எல்லோருக்கும் வரும் முதல் புகார் இதுதான். எனக்கும் வந்தது. படப்பையில் தெரிந்த மெக்கானிக் ஒருவரிடம் போய், "அண்ணே, ஹேண்டில் செட்டிங் ஏதோ தப்பா இருக்கு, கை போயிடுச்சு" என்றேன். ஓட்டிக் காட்டச் சொன்னார். தெருக்கோடி வரை போய்த் திரும்பி வந்தேன். "தம்பி, வண்டிக்கு ஒண்ணும் இல்ல. நீங்கதான் ஹேண்டில்ல தொங்குறீங்க" என்றார்.

உண்மைதான். நேராக உட்காரும் வண்டியிலிருந்து வருகிறவர்கள் முழங்கையைப் பூட்டிக்கொண்டு, மேலுடம்பின் மொத்த எடையையும் கையில் இறக்கிவிடுகிறோம். சோதனை எளிது. காலியான ரோட்டில் 40ல் போகும்போது, ஹேண்டிலை விடாமல், விரல்களைப் பியானோ வாசிப்பதுபோல் லேசாக அசைத்துப் பாருங்கள். அசைக்க முடியவில்லை என்றாலோ அசைத்ததும் உடம்பு முன்னால் சரிந்தாலோ எடை கையில்தான் இருக்கிறது. முழங்கால்கள் இரண்டாலும் டேங்கை அணைத்துப் பிடியுங்கள். எடையை வயிறும் தொடையும் தாங்கட்டும். முழங்கையில் கொஞ்சம் மடிப்பு இருக்கட்டும். பேன்ட் வழுக்கினால் டேங்கின் இரண்டு பக்கமும் ஒட்டும் ரப்பர் கிரிப் பேட் கிடைக்கும். நான் இந்த வண்டிக்குச் செய்த செலவிலேயே உருப்படியானது அதுதான்.

அடுத்தது லீவர் கோணம். வழக்கமாக உட்காருங்கள், கையை நீட்டி இரண்டு விரலை பிரேக் லீவர் மேல் வையுங்கள். முழங்கையிலிருந்து விரல் நுனி வரை ஒரே கோடாக வர வேண்டும். மணிக்கட்டு மேல்நோக்கி மடிகிறது என்றால் லீவர் உயரமாக இருக்கிறது. பிரேக் ஆயில் டப்பாவோடு இருக்கும் மாஸ்டர் சிலிண்டரைப் பிடித்திருக்கும் கிளாம்ப் போல்ட் இரண்டையும் லேசாகத் தளர்த்தி, கொஞ்சம் கீழே சுற்றி, மறுபடி டைட் செய்ய வேண்டும். கிளட்ச் பக்கமும் அப்படியே. பத்து நிமிட வேலை. பாதிப் பேருக்கு வலி இதோடு நின்றுவிடும்.

இதற்குப் பிறகும் வலி இருந்தால் மட்டும் ரைசர். ஹேண்டிலை ஒன்றிரண்டு அங்குலம் மேலேற்றி, கொஞ்சம் உங்கள் பக்கம் இழுத்துத் தரும். அதை மாட்டிக்கொண்டு கடையை விட்டு வெளியே வருவதற்கு முன் ஒரு சோதனை இருக்கிறது. அதை நான் செய்யவில்லை. மறுநாள் காலை, டீக்கடை வாசலில் யு டர்ன் அடிக்க ஹேண்டிலை இடது பக்கம் முழுக்கத் திருப்பினேன். ஆக்சிலேட்டரை நான் தொடவே இல்லை. இன்ஜின் தானாக "வ்ர்ர்ர்" என்று ஏறி, வண்டி டீக்கடை பெஞ்சை நோக்கிப் பாய்ந்தது. கிளட்சைப் பிடித்ததால் பெஞ்சு தப்பியது. உட்கார்ந்திருந்தவர் கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டே எழுந்து ஓடினார், ஒரு சொட்டு சிந்தவில்லை. பிறகு பார்த்தால், ஹேண்டில் உயர்ந்ததில் ஆக்சிலேட்டர் கேபிளுக்கு நீளம் பற்றவில்லை. திருப்பும்போது கேபிள் தானே இழுபடுகிறது.

ஆகவே ரைசர் போட்டதும், வண்டியை ஸ்டாண்டில் நிறுத்தி, நியூட்ரலில், ஐடிலில் ஓடவிடுங்கள். ஹேண்டிலை இந்தக் கோடி, அந்தக் கோடி முழுக்கத் திருப்புங்கள். ஆர்பிஎம் ஒரு துளிகூட ஏறக் கூடாது. ஏறினால் கேபிளை வேறு வழியில் விட வேண்டும், அதுவும் போதவில்லை என்றால் நீளமான கேபிள். அதே நேரம் முன் பிரேக் ஹோஸ் விறைப்பாக இழுபடுகிறதா, ஒயர் எங்காவது நசுங்குகிறதா, கட்டைவிரல் டேங்கிலோ முன்பக்க மூடியான ஃபேரிங்கிலோ மாட்டுகிறதா என்றும் பாருங்கள். பிரேக் ஹோஸ் இழுபட்டால் பேச்சே இல்லை, நீளமான ஹோஸ் கிடைக்கும் வரை ரைசரைக் கழற்றி வையுங்கள். நூறு கிலோமீட்டர் ஓடியதும் அத்தனை போல்ட்டையும் இன்னொரு முறை எல் கீ வைத்துச் சரிபாருங்கள்.

இதையெல்லாம் செய்தும் கை வலி போகவில்லை என்றால் ஒன்று சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். கிட்டத்தட்ட இதே இன்ஜினை அகலமான, உயரமான ஹேண்டிலோடு எம்டி-15 என்று 2019லேயே யமஹா விற்க ஆரம்பித்துவிட்டது.

இடுப்பு விட்டுப்போகிறது, உட்காரும் இடம் எரிகிறது

இடுப்பு வலியும் சீட் வலியும் வேறு வேறு. முதல் அரை மணி நேரத்திலேயே இடுப்பு பிடித்தால் அது உட்காரும் விதம். முதுகை வில்லாக வளைக்காமல், இடுப்பிலிருந்தே முன்னால் சாய வேண்டும். ஒன்றரை மணி நேரம் கழித்து உட்காரும் இடம் மட்டும் எரிந்தால் அது ஃபோம்.

சீட்டைப் பொறுத்தவரை பெரும்பாலும் பஞ்சு குறைவு என்பது பிரச்சினையில்லை, சரிவுதான் பிரச்சினை. பிரேக் பிடிக்கும்போதெல்லாம் உடம்பு வழுக்கி டேங்கில் போய் மோதுகிறதா? அப்படியென்றால் மிருதுவான ஃபோம் வைத்தால் இன்னும் மோசமாகும். சீட் வேலை செய்பவரிடம், முன்பக்கச் சரிவை மட்டும் கொஞ்சம் நிரப்பி, மேலே வழுக்காத ரெக்சின் போடச் சொல்லுங்கள். சென்னையில் ஜி.பி. ரோட்டிலும் புதுப்பேட்டையிலும் இதற்கென்றே கடைகள் இருக்கின்றன. ஒன்றை மறக்காதீர்கள்: சீட் ஏற்கெனவே 815 மில்லிமீட்டர் உயரம். ஃபோம் ஏற ஏற உங்கள் கால் தரையை விட்டு விலகும். ஃபோம் மேல் கடைக்காரர் ரெக்சின் தைப்பதற்கு முன் ஒரு முறை வண்டியில் உட்கார்ந்து, இரண்டு காலும் எவ்வளவு எட்டுகிறது என்று பார்த்துவிடுங்கள். தைத்த பிறகு பிரிக்கச் சொன்னால் அவர் முகம் போகும் போக்கே வேறு.

சைக்கிள் ஓட்டுபவர்கள் போடும் பேடு வைத்த ஷார்ட்ஸ் ஒன்று பேன்ட்டுக்குள் போட்டுப் பாருங்கள். சிரிப்பாக இருக்கும். வேலை செய்யும்.

கால் முட்டி வலிக்கு என்னிடம் மருந்தில்லை. ஃபுட் ரெஸ்ட் பின்னால், உயரத்தில் இருக்கிறது, அதனால் முட்டி மடிகிறது. 80 கிலோமீட்டருக்கு ஒரு முறை இறங்கி நடங்கள்.

சிட்டியில் வண்டி வெட்டி வெட்டி இழுக்கிறது

எப்போது வெட்டுகிறது என்று கவனியுங்கள்.

மூன்றாவது கியரில் 20ல் போகும்போது மட்டும் என்றால், அது உங்கள் தப்பு. இந்த இன்ஜின் அடியில் இழுக்கும் ரகமில்லை. கியரைக் குறைக்க வேண்டியதுதான். கம்யூட்டர் வண்டி ஓட்டிய பழக்கத்தில் சீக்கிரம் சீக்கிரம் டாப் கியருக்குப் போகும் கை இதில் அடங்க ஒரு மாதமாகும்.

ஆக்சிலேட்டரை மூடித் திறக்கும்போது "டக்" என்று ஒரு உதை வருகிறதா? இரண்டு இடம் பார்க்க வேண்டும். ஒன்று, கிரிப்பைத் திருப்பும்போது கேபிள் பிடிக்கும் முன் எவ்வளவு சும்மா சுற்றுகிறது என்பது. மூன்று முதல் ஐந்து மில்லிமீட்டர் போதும். அதற்கு மேல் இருந்தால் அட்ஜஸ்டரில் குறையுங்கள். இரண்டு, செயின்.

செயினைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் தினமும் ஓட்டுகிற ஸ்போர்ட்ஸ் வண்டியில் மூடாத செயின்தான் முதலில் சாகும். செயின் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி தொய்வதில்லை. வண்டியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளி, நாலைந்து இடத்தில் கீழ்ப்பக்கச் செயினை விரலால் மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள். மிக டைட்டாக இருக்கும் இடத்தைக் கண்டுபிடித்து, அங்கே தொய்வை அளக்க வேண்டும். எவ்வளவு இருக்க வேண்டும் என்பது வண்டியோடு வந்த கையேட்டில் இருக்கிறது. ஆள் உட்காராத நிலைக்கு அது. பின்னால் ஆளும் பையும் ஏறினால் பின் சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்ம் எழும்பி செயின் இன்னும் டைட்டாகும். "தொங்குதே" என்று கம்பியாக இழுத்துக் கட்டினால், முதல் பெரிய பள்ளத்தில் அந்தச் சுமை கியர்பாக்ஸ் பேரிங்கில் போய் விழும். டைட்டான இடத்துக்கும் தளர்ந்த இடத்துக்கும் வித்தியாசம் அதிகமாக இருந்தால் அட்ஜஸ்ட் செய்து பயனில்லை, செயினும் அது ஓடும் பல்சக்கரமான ஸ்பிராக்கெட்டும் செட்டாக மாற்ற வேண்டிய நேரம் வந்துவிட்டது.

சுத்தம் செய்ய கிருஷ்ணாயிலும் பழைய பிரஷ்ஷும் போதும். பெட்ரோல் வேண்டாம், ஓ ரிங் (ரப்பர் வளையம்) உள்ள செயினில் அந்த ரப்பரைக் கெடுத்துவிடும். துடைத்துக் காயவிட்டு, செயினின் உள்பக்கத்தில் லூப் (மசகு ஸ்ப்ரே) அடியுங்கள். சாயங்காலம் வீடு வந்து செயின் சூடாக இருக்கும்போது அடித்தால், காலைக்குள் உள்ளே இறங்கிவிடும். காலையில் கிளம்பும்போது அடித்தால் சட்டை முதுகில் புள்ளிக் கோலம்.

கிளட்சைப் பிடித்து நிற்கும்போதும் வண்டி முன்னால் நகரப் பார்த்தால், கிளட்ச் கேபிளில் தொய்வு அதிகம். லீவர் முனையில் ஒரு விரல் கனத்துக்கு ஆட்டம் இருந்தால் சரி.

காலில் அனல் அடிக்கிறது, டெம்பரேச்சர் விளக்கு எரிகிறது

சிக்னலில் ஃபேன் ஓடி, முழங்காலில் சூடான காற்று அடிப்பது நோயில்லை. லிக்விட் கூலிங் வண்டியில் ரேடியேட்டர் சூட்டை எங்காவது தள்ளித்தானே ஆக வேண்டும்.

விளக்கு எரிந்தால் கதை வேறு. டிராஃபிக்கில் மட்டும் எரிந்து, ஓட ஆரம்பித்ததும் அணைகிறதா? அப்படியென்றால் காற்றுதான் பற்றவில்லை. ஃபேன் சுற்றுகிறதா என்று பாருங்கள். சுற்றவில்லை என்றால் ஃப்யூஸ், பிறகு கனெக்டர், கடைசியாக மோட்டார். சுற்றினால், ரேடியேட்டர் மடிப்புகளுக்கு நடுவில் சேறும் பூச்சியும் அடைத்திருக்கும். மென்மையாகத் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். வாட்டர் சர்வீஸ் கடையில் பிரஷர் பைப்பைப் பக்கத்தில் வைத்து அடித்தால் மடிப்புகள் படுத்துவிடும், அப்புறம் ஆயுசுக்கும் காற்றுப் போகாது.

பைபாஸில் 70ல் போகும்போதும் எரிகிறது என்றால் காற்று காரணமில்லை. உடனே ஓரம் கட்டுங்கள். கூலன்ட் குறைந்திருக்கலாம், தெர்மோஸ்டாட் திறக்காமல் இருக்கலாம், வாட்டர் பம்ப் போயிருக்கலாம். இன்ஜின் முழுக்க ஆறிய பிறகு ரிசர்வ் டேங்கில் அளவு பாருங்கள். சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்காதீர்கள், முகத்தில் கொதிநீர் பீய்ச்சும். அவசரத்துக்குக் கேன் தண்ணீர் ஊற்றலாம், வீடு வந்ததும் வடித்துவிட்டு நல்ல கூலன்ட் போடுங்கள். எங்கள் பக்கத்து போர் தண்ணீர் ஊற்றினால் ரேடியேட்டருக்குள் உப்புப் படிந்துவிடும். எங்கள் வீட்டு ஹீட்டரே அதற்குச் சாட்சி.

பைபாஸில் இன்ஜின் அலறுகிறது

இந்த இன்ஜினில் 7,400 ஆர்பிஎம்மில் வால்வு அமைப்பு மாறுகிறது. அதற்கு மேல்தான் உயிரே வரும். எனவே அலறுவது அதன் இயல்பு. முன் ஸ்பிராக்கெட்டில் 14 பல், பின்னால் 48. முன்னால் 15 பல் போட்டால் அதே வேகத்துக்கு ஆர்பிஎம் ஏறக்குறைய 7 சதவீதம் குறையும். போட்டேன். காஞ்சிபுரம் வரை சுகமாக இருந்தது. பிறகு கொல்லிமலை போனேன். எழுபது கொண்டை ஊசி வளைவு, பின்னால் ஒரு ஆள். இரண்டாவது கியரில் மூச்சுத் திணறுகிறது, முதல் கியரில் கத்துகிறது. நடுவில் எதுவும் இல்லை. கடைசியில் 14-ஐயே மாட்டினேன். தனியாக, சமவெளியில் மட்டும் போகிறவர்களுக்கு 15 சரிப்படலாம்.

பின்னால் உட்காருபவர் இரண்டாவது முறை வர மறுக்கிறார்

என் மனைவியின் தீர்ப்பு முதல் பயணத்திலேயே வந்துவிட்டது: "ஏங்க, இது சீட்டா? பரண் மேல ஏத்தி விட்ட மாதிரி இருக்கு." முன் சீட்டை விட ஒரு படி உயரம், சின்னப் பலகை, பிடிக்க ஒன்றுமில்லை. பிரேக் பிடித்தால் அவர் என் மேல், நான் டேங்க் மேல். இந்தக் குறை யமஹாவுக்கும் தெரியும். அதனால்தான் 2021ல் ஒரே நீள சீட்டோடு ஆர்15எஸ் என்று தனியாக ஒரு மாடல் விட்டார்கள். குடும்பத்தோடு ஓட்டுவதற்கென்றே வாங்கப் போகிறவர்கள் அதை முதலிலேயே யோசிக்கலாம்.

கையில் இருப்பது பிரித்த சீட் என்றால், சப் ஃப்ரேமில் போல்ட்டோடு மாட்டும் கைப்பிடி போடுங்கள். பிளாஸ்டிக் பேனலில் ஸ்க்ரூ போட்டு நிற்கும் அலங்காரப் பிடி வேண்டாம், அவசரத்தில் கையோடு வந்துவிடும். பின் சீட்டுக்கு வழுக்காத உறை. பிரேக்கை நீங்கள் இன்னும் மெதுவாகப் பிடிக்கக் கற்றுக்கொள்ள வேண்டும், அதற்குக் கடையில் பார்ட் இல்லை. சேலை கார்டை அழகுக்காகக் கழற்றாதீர்கள். கைப்பிடி, ஃபுட் ரெஸ்ட், பின் சக்கரத்தில் பாதிக்குக் குறையாத மறைப்பு மூன்றும் மத்திய மோட்டார் வாகன விதிகளின் 123வது விதியிலேயே இருக்கிறது. துப்பட்டா சுற்றிக்கொண்டால் விதி எண்ணெல்லாம் ஞாபகத்துக்கு வராது.

இவ்வளவும் செய்த பிறகும் நூறு கிலோமீட்டருக்கு மேல் இருவராகப் போக இந்த வண்டி ஏற்றதில்லை என்பது என் முடிவு. நாங்கள் ஏலகிரிக்குப் பஸ்ஸில் போனோம்.

ஹெல்மெட்டில் காற்று படபடக்கிறது

உயரமான வைசர் வாங்குவதற்கு முன் இதைச் செய்யுங்கள். 80ல் சீராகப் போகும்போது தலையைக் கொஞ்சம் தாழ்த்துங்கள். படபடப்பு நின்றால், உயரமான வைசர் உதவும். பிறகு சாதாரணமாக உட்கார்ந்து, கொஞ்சம் எழும்புங்கள். அப்போது படபடப்பு நின்றால், வைசரின் விளிம்பிலிருந்து கிளம்பும் சுழல்காற்றுதான் தலையில் அடிக்கிறது, உயரத்தைக் கூட்டினால் உங்களுக்கு இன்னும் மோசமாகும். இரண்டிலும் மாற்றமில்லை என்றால் ஹெல்மெட் தளர்ந்துவிட்டது.

பை கட்டினால் ஹேண்டில் ஆடுகிறது

ஆம்பூர் தாண்டி, தனியாக, 90ல் எனக்கு இது நடந்தது. ஹேண்டில் முதலில் மெல்ல, பிறகு வேகமாக இடமும் வலமும் உதறியது. அந்த நேரத்தில் பிரேக்கைப் பிடிக்காதீர்கள், ஹேண்டிலை இறுக்கி அடக்கப் பார்க்காதீர்கள். ஆக்சிலேட்டரைச் சீராகக் குறைத்து, முழங்காலால் டேங்கைப் பிடித்து, கையைத் தளர்வாக வையுங்கள். வேகம் குறையக் குறைய அடங்கும்.

ஓரமாக நிறுத்திப் பார்க்க வேண்டிய வரிசை இது. முதலில் பை. கனமானதெல்லாம் பின் சீட்டின் மேல், வால் நுனியில் இருந்தால் முன் சக்கரம் இலேசாகிவிடும். டூல், தண்ணீர், சார்ஜர் போன்ற கனமான சாமான்கள் டேங்க் பேக்கில், துணிமணி பின்னால். பின்பையை உங்கள் முதுகை ஒட்டி முன்னால் இழுத்துக் கட்டுங்கள். அடுத்தது காற்று. தனியாளுக்கு ஒன்று, சுமையோடு ஒன்று என்று இரண்டு அளவு வண்டியிலேயே ஸ்டிக்கரில் இருக்கும், டயர் குளிர்ந்திருக்கும்போது பார்க்க வேண்டும். மூன்றாவது கோன் செட், அதாவது ஹேண்டில் கழுத்தில் இருக்கும் பேரிங். முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு வண்டியை முன்னும் பின்னும் ஆட்டுங்கள். கழுத்தில் "டொக் டொக்" என்று உணர்ந்தால் தளர்ந்திருக்கிறது. முன் சக்கரத்தைத் தூக்கி ஹேண்டிலை மெதுவாகத் திருப்பும்போது நடுவில் பள்ளத்தில் விழுவதுபோல் நின்றால் பேரிங் தேய்ந்துவிட்டது, டைட் செய்து பயனில்லை, மாற்ற வேண்டும். என் விஷயத்தில் முதல் இரண்டும் சேர்ந்து குற்றவாளி.

சேடில் பேக் கட்டுபவர்கள் சைலன்சர் பக்கத்தை வீட்டிலேயே சோதியுங்கள். பையை நிரப்பிக் கட்டி, ஒருவரைப் பின்னால் ஏற்றி அமுக்கச் சொல்லி, பைக்கும் சைலன்சருக்கும் நடுவில் நான்கு விரல் போகிறதா பாருங்கள். அதே பயணத்தில் ராணிப்பேட்டை அருகே எனக்கு ஒரு கருகல் வாடை அடித்தது. முன்னால் போன லாரியின் பிரேக் என்று நினைத்துக்கொண்டு பத்து கிலோமீட்டர் போனேன். பையைத் திறந்தால் ரெயின் கோட்டில் உள்ளங்கை அளவு ஓட்டை, அதன் கீழே மடித்து வைத்த வேட்டியில் அதே அளவில் இன்னொன்று.

கொக்கி வைத்த எலாஸ்டிக் கயிறு வேண்டாம். கொக்கி கழன்று செயினில் விழுந்தால் சக்கரம் பூட்டிக்கொள்ளும். பக்கிள் வைத்த ஸ்ட்ராப் போடுங்கள், மிச்சமாகத் தொங்கும் வாலைச் சுருட்டி உள்ளே செருகுங்கள்.

எதிரே வருபவர்கள் டிம் டிம் அடிக்கிறார்கள், காலையில் பேட்டரி டவுன்

முதல் பாதிக்கு ஒரு சுவர் போதும். தனியாக உட்கார்ந்து, சுவரிலிருந்து ஐந்து மீட்டர் தள்ளி நின்று, லோ பீம் விழும் மேல் விளிம்பைச் சாக்பீஸால் குறியுங்கள். பிறகு பையும் ஆளும் ஏற்றிப் பாருங்கள். வெளிச்சம் அந்தக் கோட்டுக்கு மேல் ஏறியிருக்கும். அட்ஜஸ்டரைத் திருப்பிக் கோட்டுக்கு இறக்குங்கள். ஊர் திரும்பியதும் பழையபடி ஏற்றிக்கொள்ளுங்கள்.

பேட்டரிக்கு ஒரு மல்டிமீட்டர் வேண்டும். வண்டி அணைந்திருக்கும்போது 12.6 வோல்ட் பக்கம் இருந்தால் பேட்டரி நலம். ஓடும்போது, கொஞ்சம் ஆர்பிஎம் கொடுத்தால் 13.5 முதல் 14.5க்குள் வர வேண்டும். இப்போது ஃபாக் லைட், சார்ஜர் எல்லாவற்றையும் போட்டுப் பாருங்கள். 13க்குக் கீழே விழுந்தால் வண்டி தயாரிப்பதை விட நீங்கள் செலவழிப்பது அதிகம், அந்த லைட் இந்த வண்டிக்குப் பெரிது. எல்லாம் சரியாக இருந்தும் காலையில் டவுன் என்றால், சார்ஜரைப் பேட்டரியில் நேரடியாகக் கொடுத்திருப்பார்கள், சாவியை எடுத்த பிறகும் அது கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சும். சாவி போட்டால் மட்டும் உயிர் வரும் ஒயரிலிருந்து ரிலே வழியாக எடுக்கச் சொல்லுங்கள், தனி ஃப்யூஸோடு. ஹெட்லைட் ஒயரைச் சீவி டேப் சுற்றித் தரும் கடையிலிருந்து எழுந்து வந்துவிடுங்கள்.

மழையில் முதுகு நடுவே சேற்றுக் கோடு

பின் மட்கார்டைக் கழற்றி டெயில் டைடி (நம்பர் பிளேட்டை மட்டும் தாங்கும் குட்டிப் பட்டை) போட்டீர்களா? பழையதை எடுத்து மாட்டுங்கள். வேறு வைத்தியமில்லை.

இதோடு சேர்த்து ஒன்று. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52வது பிரிவு, ஆர்சியில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் சொன்னதிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. பை, சீட் உறை, கிரிப் பேட் எல்லாம் அந்தக் கணக்கில் வராது. கழற்றி மாட்டக்கூடியதாக மட்டும் செய்யுங்கள், கழற்றிய ஒரிஜினல் பார்ட்டை எடைக்குப் போடாதீர்கள். ஃப்ரேமை வெட்டுவது, வெல்டிங் வைப்பது என்று யாராவது ஆரம்பித்தால் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்புங்கள். விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் சர்வேயர் முதலில் பார்ப்பதும் அந்த மாதிரி வேலைகளைத்தான்.

எல்லாம் சரியாகிவிட்டது, ஆனால் ஓட்டவே பிடிக்கவில்லை

சிரிக்காதீர்கள், இதுவும் ஒரு அறிகுறி. இரண்டாவது வருடம் எனக்கு வந்தது. உயரமான வைசர், தடித்த சீட், 15 பல், இரண்டு லைட், பின்னால் நிரந்தரமாக ஒரு பெட்டி. வலி ஒன்றுமில்லை. வளைவில் சாய்த்தால் மட்டும் வண்டி வேறு யாருடையதோ போல இருந்தது. ஒரு ஞாயிறு காலை, போட்ட வரிசைக்கு நேர்மாறாக ஒவ்வொன்றாகக் கழற்றினேன். ஒவ்வொன்றுக்கும் தெருவை ஒரு சுற்று. பெட்டி போனதும் பாதி வண்டி திரும்பி வந்தது. ஸ்பிராக்கெட்டை மாற்றியதும் மீதி வந்தது. வைசரை மழைக்காலத்துக்கு மட்டும் எடுத்து வைத்திருக்கிறேன். கிரிப் பேடும் ரைசரும் அப்படியே இருக்கின்றன, ரைசரோடு நீளமான கேபிளும்.